வெள்ளத்துக்குப் பிறகு, சூறாவளிக்கு முதல்: கீழ்க்கரை வானிலையும் எமது கல்லூரியும்

மட்டக்களப்பில் வயது முதிர்ந்த ஒரு தாயிடம் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் ஆண்டுக் கணக்கு வராது. "மூத்தவன் வெள்ளத்துக்குப் பிறகு, இளையவள் சூறாவளிக்கு முதல்" என்றுதான் பதில் வரும். வெள்ளம் என்றால் 1957 டிசெம்பர். சூறாவளி என்றால் 1978 நவம்பர். அதன்பின் எத்தனையோ வெள்ளங்கள் வந்தன, கடலும் ஒரு முறை ஊருக்குள் வந்துபோனது. ஆனாலும் அந்த இரண்டு சொற்களுக்கும் இங்கே யாரும் ஆண்டு சேர்த்துச் சொல்வதில்லை. எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூறு வருடங்களும் இப்படியான கணக்குகளுக்கு நடுவேதான் ஓடியிருக்கின்றன.

இம்மலரில் கல்லூரியின் அதிபர்களைப் பற்றியும், நாடக அரங்கைப் பற்றியும், வலைப்பந்தாட்ட வெற்றிகளைப் பற்றியும் வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். நாங்கள் காற்றையும் மழையையும் இடிமின்னலையும் எடுத்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர் ஐம்பதுகளில் இங்கு படித்தவர். இருவர் சூறாவளி இரவில் விடுதியில் இருந்தவர்கள். ஒருவர் விஞ்ஞான ஆசிரியை. மற்றவர் இன்று அதே விடுதியின் பொறுப்பாளர். ஆகவே இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் ஐவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றோம் என்று கொள்ள வேண்டாம்.

கீழ்க்கரையின் வருடம் காற்றின் பெயரால்தான் பிரிந்திருந்தது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான். மேற்கேயிருந்து வெக்கையாக வீசி உதட்டை வெடிக்க வைக்கும் காற்று. மலையகத்துக்கும் கொழும்புக்கும் மழை தருகின்ற தென்மேல் பருவக்காற்றுதான் மலையில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு எங்களுக்குக் கச்சானாக வந்து சேர்கிறது. புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது காற்று தடுமாறும். பின்னேரங்களில் மேகம் கறுத்து இடியோடு மழை கொட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடை நிலைத்துவிடும். எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. இதில் இரண்டு ஆபத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. பருவக்காற்று மாறும் இடைக்காலமாகிய ஒக்டோபர், நவம்பரில் மின்னல் அதிகம். நவம்பர், டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. ஒன்று சிறுகச் சிறுக ஆட்களைக் கொல்லும். மற்றது எப்போதாவது வந்து ஊரையே புரட்டிப் போடும். இரண்டாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், முதலாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இடி முழங்கினால் எங்கள் பாட்டிமார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வார்கள். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். வெள்ளையும் பளபளப்பும் மின்னலை இழுக்கும் என்பது நம்பிக்கை. விஞ்ஞானப்படி கண்ணாடிக்கும் மின்னலுக்கும் தொடர்பில்லை. ஆனால் அதே பாட்டிமார் சொன்ன வேறு இரண்டு சொற்களை நாங்கள் தள்ளிவிட மாட்டோம். "மரத்துக்குக் கீழே நிக்காத புள்ள" என்பது ஒன்று. "கிணத்தடிக்குப் போகாத, மழ விடட்டும்" என்பது மற்றது. கிணற்றடி என்பது வெட்டவெளி. துலாவும் கமுகும் தென்னையும் நிற்கும் இடம். நனைந்த சிமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நிற்போம். காரணத்தை அவர்கள் வேறாகச் சொன்னார்கள், இடத்தைச் சரியாகச் சொன்னார்கள்.

1907ஆம் ஆண்டு கொழும்பில் அவதான நிலையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் கிழக்கிலங்கையைச் சூறாவளி ஒன்று தாக்கியது. எமது சங்கம் தொடங்கிய காலத்தில் இந்நாட்டின் வானிலைக் கணிப்புகள் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் இருந்தன. 1948இல்தான் வளிமண்டலவியல் திணைக்களம் தனித் திணைக்களமாகியது. 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் வானொலிப் பெட்டி இருந்த வீட்டை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணலாம். எனவே எங்கள் மூத்த சகோதரிகளுக்கு வானிலைச் செய்தி கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதுதான். வாவியில் தோணி விடுவோர் கீழ்வானின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து நாளையைச் சொல்வார்கள். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, வாவிக்கு அப்பால் இருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குக் காற்று என்பது பாடசாலைக்கு வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் விடயம். பாலம் வந்தபின் அந்தப் பயம் போயிற்று. இரும்புப் பாலத்தில் நின்று மழையை வேடிக்கை பார்க்கும் பழக்கம் வந்தது.

1957 வெள்ளத்தைப் பற்றி எங்களுள் மூத்தவர் சொல்வதைச் சுருக்கமாகவே தருகிறோம். டிசெம்பர் பிற்பகுதியில் வரண்ட வலயம் முழுவதும் கொட்டிய மழையில் குளங்கள் பல உடைப்பெடுத்தன. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் அறுந்தன. விடுமுறைக்காலமாதலால் விடுதியில் பிள்ளைகள் இல்லை. வயற்புறக் கிராமங்களிலிருந்து வந்த மாணவியர் சிலர் அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வரவேயில்லை. வயல் அழிந்தால் முதலில் நிற்பது மகளின் படிப்பு என்பதை அந்த வருடத்து இடாப்பு எங்களுக்குக் காட்டியது. இதே வழக்கத்தைப் பின்னரும் இருமுறை கண்டோம்.

1964ஆம் ஆண்டுப் புயல் எங்களைத் தொடவில்லை, ஆனால் எங்கள் வழியை அழித்தது. சங்கத்தின் ஆரம்ப கால உறுப்பினர்களில் பட்டப்படிப்புக்குச் சென்னைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் போனது தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்கு, அங்கிருந்து ரயிலில். 1914 முதல் நடந்த போக்குவரத்து அது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி அன்றிரவு தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடல் அலைக்குள் போயிற்று. எவரும் தப்பவில்லை. மன்னாரும் வடகரையும் பெரும் சேதமடைந்தன. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் திருத்தினார்கள், தனுஷ்கோடி ஊரை மீண்டும் கட்டவில்லை. அந்தச் செய்தி இங்கு வந்தபோது, தனுஷ்கோடி மேடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டதை நினைத்து அழுத ஆசிரியை ஒருவரை அக்காலத்து மாணவியர் இன்றும் நினைவுகூருகிறார்கள். அவர் பாடம் எடுக்காமல் உலகப்படத்தை விரித்து, விரிகுடாவில் உருவாகும் சூறாவளி எங்கெல்லாம் போகலாம் என்று சோக்கால் கோடு இழுத்துக் காட்டினாராம். அந்தக் கோடுகளுள் ஒன்று மட்டக்களப்பின் மேலாகப் போனது. அதன் பொருள் எங்களுக்கு விளங்கப் பதினான்கு வருடங்கள் எடுத்தன.

1978 நவம்பர் 23 ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே தூறலும் காற்றும் இருந்தன. கார்த்திகை மாதத்தில் அது புதினமல்ல. வானொலியில் தாழமுக்கம் பற்றிச் சொன்னதை விடுதிப் பொறுப்பாசிரியை கேட்டிருந்தார். மணிக்கு இத்தனை மைல் வேகம் என்று சொன்னால் அது ஓட்டுக் கூரையை என்ன செய்யும், தென்னையை என்ன செய்யும் என்று அறிந்தவர்கள் இந்த ஊரில் அன்று உயிரோடு அதிகம் இருக்கவில்லை. 1907ஐக் கண்டவர்கள் போய்விட்டார்கள். செய்தி வந்தது, அந்தச் செய்தியைப் பொருள்கொள்ளும் நினைவுதான் ஊரில் இல்லாமல் போயிருந்தது. அன்றைய இழப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் அதுவே என்பது எங்கள் கருத்து.

பின்னேரம் காற்று வடக்கிலிருந்து ஓங்கியது. இருட்டத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. முதலில் பறந்தது சைக்கிள் கொட்டகையின் தகரம். அது கத்திபோல் சுழன்று போய் மாமரத்தில் குத்தி நின்றது. பிறகு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் ஒரே மூச்சில் ஒரு வரிசை முழுவதும் போனது. காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அது இறவாணத்துக்குக் கீழே புகுந்து கூரையை மேலே தூக்குகிறது. கூரையின் மேலாக வேகமாக ஓடும் காற்றும் அதை மேலே இழுக்கிறது. கைமரங்களைச் சுவரோடு கட்டாமல் பாரத்தை நம்பி வைத்த கூரைகள் எல்லாம் அன்றிரவு போயின.

விடுதிப் பொறுப்பாசிரியை செய்தது இன்றைய கையேடுகள் சொல்வதேதான். அந்தக் கையேடு எதையும் அவர் வாசித்திருக்கவில்லை. பெரிய மண்டபம்தான் பலமானது என்று சிலர் சொல்லியும் கேளாமல், மாணவியர் அனைவரையும் நடுவில் இருந்த களஞ்சிய அறைக்குள் கொண்டுபோனார். சிறிய அறை, தடித்த சுவர், மேலே கொங்கிறீற்றுத் தட்டு, யன்னல் ஒன்று மட்டும். அரிசி மூட்டைகளின் மேல் சின்னப் பிள்ளைகள். மேசைகளுக்குக் கீழே பெரியவர்கள். பெயர் கூப்பிட்டு எண்ணினார். ஒவ்வொரு மணித்தியாலமும் எண்ணினார். மண்டபத்தின் கூரை போன சத்தத்தை அந்த அறைக்குள் இருந்தே கேட்டோம்.

ஒரு கட்டத்தில் காற்று அடங்கியது. வானம் கூட வெளுத்தது போலிருந்தது. சிலர் உடுப்புப் பெட்டியை எடுக்க ஓடப் பார்த்தார்கள். "இருங்க புள்ளயள், இன்னும் முடியல்ல" என்று கதவடியில் நின்றுகொண்டவர் சமையற்கார அக்கா. அவருடைய தகப்பன் கடலுக்குப் போனவர். சற்று நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்தால், தெற்கேயிருந்து, முன்னிலும் மூர்க்கமாக வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நின்றவை மறுபக்கத்தால் முறிந்தன. சூறாவளியின் நடுவில் 'கண்' எனப்படும் அமைதியான பகுதி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பூமியில் காற்று அதைச் சுற்றி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழலும். சூறாவளி கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தால், அதன் முன்பாதி வடகாற்றாகவும் பின்பாதி தென்காற்றாகவும் எங்கள்மேல் அடிக்கும். இடையில் வரும் அமைதியைக் கண்டு வெளியே போனவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். உலகில் சூறாவளி அடிக்கும் கரைகள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

விடிந்தபோது கிழக்கே கடலும் மேற்கே வாவியும் ஒரே பார்வைக்குத் தெரிந்தன. நடுவில் மறைக்க மரம் இல்லை. நின்ற ஓரிரு தென்னைகளும் தலையில்லாமல் நின்றன. நாட்டில் சுமார் 915 பேர் இறந்தனர் என்றும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறத்தாழ 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது போயின. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கும் போனது. 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமடைந்தன. எங்களுடையது அவற்றுள் ஒன்று. விடுதியில் எண்ணப்பட்ட பிள்ளைகள் அனைவரும் காலையிலும் அதே எண்ணிக்கையில் இருந்தார்கள். வீடுகளுக்குத் திரும்பியபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்த சிலரும் இல்லை.

தென்னை விழுந்தால் கிடுகு இல்லை, தேங்காய் இல்லை, கயிறு இல்லை, எண்ணெய் இல்லை. புதிதாக நட்ட நாட்டுத் தென்னை ஒழுங்காகக் காய்க்க ஆறு, ஏழு வருடங்களாவது செல்லும். ஒரு பெண்பிள்ளையின் ஆறாம் வகுப்புத் தொடக்கம் உயர்தரம் வரையான காலம் அது. ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். தேங்காய் உரித்தும் கிடுகு பின்னியும் சீவித்த வீடுகளின் பிள்ளைகளைத்தான் நாங்கள் இழந்தோம். கொழும்பிலிருந்த எமது சங்கக் கிளை அப்போது அனுப்பிய பொருட்களில் எங்களுக்கு மறக்க முடியாதது உடுப்பும் பால்மாவும் அல்ல. வகுப்புக்கு ஒரு கட்டு அப்பியாசக் கொப்பிகளும், சீருடைத் துணி ஒரு கட்டும், பரீட்சைக் கட்டணத்துக்கான பணமும்தான்.

இவ்விடத்தில் சேர்வு இடாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூறாவளிக்குப் பிறகும், பின்னர் கடல்கோளுக்குப் பிறகும், கல்லூரிக்கு அதிகமாக வந்தவர்கள் சான்றிதழ் இழந்த பழைய மாணவிகள். பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. 'இவர் இன்ன திகதியில் பிறந்தவர், இன்ன வகுப்பு வரை இங்கு படித்தவர்' என்று உறுதிப்படுத்த எஞ்சியிருந்தது இடாப்பு ஒன்றுதான். வேலைக்கும், இழப்பீட்டுக்கும், சில வேளைகளில் விவாகப் பதிவுக்கும் அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. 1978இல் நனைந்த இடாப்புகளை ஆசிரியைகள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தார்கள். கரைந்த பெயர்களை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார்கள். எமது சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. முதல் ஐம்பது வருடங்களுக்கு எஞ்சியவை சில ஏடுகள் மட்டுமே. இம்மலரின் ஆரம்பப் பகுதி மெலிந்திருப்பதற்கும் அதுதான் காரணம். இப்போது இடாப்புகள் அனைத்தும் படியெடுக்கப்பட்டு, ஒரு பிரதி மேல்மாடியிலும் மற்றொன்று கொழும்பிலும் இருக்கின்றன.

2000 டிசெம்பர் 26ஆம் திகதி திருகோணமலைப் பக்கத்தைச் சூறாவளி தாக்கியது. 1978க்குப் பிறகு அந்த வலுவோடு இந்நாட்டைத் தொட்ட முதற் சூறாவளி அதுவே. யுத்த காலம் வேறு. சரியாக நான்கு வருடங்கள் கழித்து, 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள் காலையில் கடல் வந்தது. அதற்கும் வானிலைக்கும் தொடர்பில்லை. அன்று வானம் நீலமாக இருந்தது. ஆயினும் அதைத் தவிர்த்து இந்த வரலாற்றை எழுத முடியாது. எச்சரிக்கை என்ற ஒன்று இல்லாமலே முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்நாடு இழந்தது. கீழ்க்கரையில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகமாக இறந்தார்கள். ஞாயிறு காலை வீட்டில் இருந்தவர்கள் அவர்களே. கையில் குழந்தை, காலில் சுற்றிய சேலை, நீந்தத் தெரியாமை என்று காரணங்களை எங்கள் வகுப்புத் தோழியரின் பெயர்களோடு சேர்த்தே நாங்கள் சொல்ல முடியும். நீச்சல் பெண்பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்ட பெற்றோர் அதன்பின் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 117 என்ற இலக்கம் வந்தது. கிராம சேவையாளர் மட்டம் வரை குழுக்கள் அமைந்தன. வட இந்து சமுத்திரச் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் 2004இல் தொடங்கியது. அதனால்தான் 1978க்குப் பெயர் இல்லை, 2008க்கு நிஷா, 2020க்கு புரெவி. புரெவி டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, கொரோனாக் காலத்திலும் கரையோர மக்களை முன்கூட்டியே இடம்பெயர்த்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா வேறொரு பாடம் தந்தது. கிழக்கில் கரையேறிய சூறாவளிக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது மலையகம். காற்றைவிட மழையும் மண்சரிவுமே கொன்றன. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் இருப்பவர்களுக்குத்தான் சூறாவளி என்ற எண்ணம் இனிச் செல்லாது.

பாடசாலைகள் முகாமாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டபோது எமது வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. கதவைத் திறந்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தால் அது போதாமல் போயிருக்கும். இரவில் கழிவறைக்குப் போக வெளிச்சம் இல்லை. பெண்களும் ஆண்களும் ஒரே பக்கத்தால் போக வேண்டியிருந்தது. மாதவிடாய்த் துணிகளைத் தோய்க்கவும் காயப்போடவும் மறைவான இடம் இல்லை. நிவாரணப் பொதியில் அதற்கானது எதுவும் இல்லை. கர்ப்பிணிகள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், கழிவறைக்குப் போகப் பயந்து. பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அந்த வருடம் சங்கம் கட்டிக் கொடுத்த இரண்டு கழிவறைத் தொகுதிகளும் வகுப்பறைக் கட்டடத்தின் இரு முனைகளிலும் இருக்கின்றன. அவை அந்த இடத்தில் ஏன் இருக்கின்றன என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதுண்டு.

இனி மின்னல். சூறாவளி ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரலாம். மின்னல் ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் விளையாட்டு மைதானத்துக்கு மேலே வருகிறது. அந்நேரம்தான் வயலில் பெரும்போக விதைப்பு, வாவியில் இறால், பிள்ளைகளுக்குப் பின்னேர ரியூசன். மின்னல் நேராக ஆளின் தலையில் விழுந்துதான் கொல்லும் என்றில்லை. மரத்தில் இறங்கி அருகில் நிற்பவர்மேல் பாயும். வேலிக் கம்பியில், குழாயில், மின்வயரில் ஓடிவந்து தொடுபவரைத் தாக்கும். நிலத்தில் இறங்கிப் பரவி ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்கும். ஒரே இடியில் பட்டி மாடுகள் பல சாவது இதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைத்தூரம் கூட.

விளையாட்டுப் பொறுப்பாசிரியைகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த விதி எளிமையானது. முழக்கம் காதில் விழுந்தால் மைதானம் காலி. மழை தொடங்கவில்லையே, போட்டி முடியப் பத்து நிமிடந்தானே என்ற பேச்சுக்கு இடமில்லை. மழை விழாத இடத்திலும் பல கிலோமீற்றர் தள்ளி மின்னல் இறங்கும். தூரத்தை அறிய வேண்டுமானால் மின்னலைக் கண்டதிலிருந்து முழக்கம் வரை எண்ணலாம். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்தால் பத்து கிலோமீற்றருக்குள் நிற்கிறது. கடைசி முழக்கம் கேட்டு முப்பது நிமிடம் போன பிறகே பிள்ளைகள் மைதானத்துக்கு இறங்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டி ஒத்திகையை இதனால் ஒரு வருடம் மூன்று நாள் நிறுத்தினோம். பெற்றோரிடமிருந்து முறைப்பாடும் வந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்கே ஒதுங்குவது என்பதில்தான் குழப்பம் அதிகம். சுவரும் கூரையும் மின்வயரும் குழாயும் உள்ள முழுக் கட்டடம் நல்லது. கதவு யன்னல் மூடிய வான், பஸ், கார் நல்லது. ஓட்டோ உதவாது. பஸ் தரிப்பிடம், வயல் காவற்குடில், மீன்வாடி, தனிமரம் எதுவும் உதவாது. கட்டடத்துக்குள் போனாலும் குளிப்பது, சட்டி பானை கழுவுவது, வயர் பூட்டிய தொலைபேசியில் பேசுவது வேண்டாம். கைத்தொலைபேசி மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜில் போட்டபடி பேசினால் அது மின்வயரைக் கையில் பிடிப்பதற்குச் சமம். தொலைக்காட்சி பிளக்கையும் அன்ரனாவையும் மேகம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும், இடி தலைக்குமேல் வந்தபிறகு அல்ல. அடிபட்டவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொடலாம். தொடத்தான் வேண்டும். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கி, 1990க்கு அழைக்க வேண்டும். தொட்டால் எங்களுக்கும் அடிக்கும் என்று சுற்றி நின்று பார்த்ததால் போன உயிர்கள் வயற்பக்கத்தில் உண்டு. ஆகையால்தான் நெஞ்சமுக்கும் பயிற்சியைத் தரம் 10 பிள்ளைகள் அனைவருக்கும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் கொடுக்கிறோம்.

மண்டபத்தின் இடிதாங்கியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது எங்கிருந்தோ மின்னலை இழுத்துவந்து ஊருக்கு ஆபத்து உண்டாக்குவதில்லை. விழப்போகும் மின்னலுக்குச் சுவரை விட்டு ஒரு வழியைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த வழி மண்ணில் ஒழுங்காக முடிய வேண்டும். எங்கள் மண் கடற்கரை மணல். காய்ந்தால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. பழைய இடிதாங்கியில் மேலே கம்பி இருந்தது, கீழே புவித்தொடுப்பு துருப்பிடித்துப் போயிருந்தது. அப்படிப்பட்ட இடிதாங்கி இல்லாததைவிடப் பெரிதாக மேலல்ல. புதியதற்குச் செப்புக் கோல்களை ஈரமண் வரும்வரை ஆழமாக இறக்கியிருக்கிறோம். புவித்தொடுப்பின் தடையை ஒவ்வொரு வருடமும் கோடை முடிவில், மண் மிகக் காய்ந்திருக்கும்போது, அளக்கச் சொல்கிறோம். மாரியில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

விடுதியில் ஒக்டோபர் முதற் சனிக்கிழமை ஒரு சரிபார்ப்பு நடக்கிறது. கூரைக்கு மேல் சாய்ந்த கிளைகள் வெட்டப்படுகின்றன. கூரைத் தகடுகளின் கொளுக்கி ஆணிகளும், கைமரங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டிகளும் பார்க்கப்படுகின்றன. பீலியும் வாய்க்காலும் துப்பரவாகின்றன. களஞ்சிய அறையில் அவல், சீனி, பொரிமா, ரின் மீன், மூடிய கலன்களில் குடிதண்ணீர், வெள்ளத்துக்குப் பின் கிணற்றை இறைத்துச் சுத்திகரிக்க குளோரின், ஜீவனி, அணையாடை, டோர்ச், பற்றரி, பற்றரியில் ஓடும் சிறிய வானொலி. பிள்ளைகளின் சாட்சிப்பத்திரப் பிரதிகள் சொப்பிங் பையில் இரட்டையாகச் சுற்றி மேல்தட்டில். எண்ணுவதற்குப் பெயர்ப்பட்டியல் கதவுக்குப் பின்னால், உறையிட்டு. 1978இல் அந்த அறையில் எரிந்த அரிக்கன் லாம்பும் அங்கேயே தொங்குகிறது. பற்றரி விளக்குகள் வந்த பிறகும் அதை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. போன முறை சரிபார்த்தபோது அதன் கண்ணாடியில் வெடிப்பு இருந்தது. புதிய கண்ணாடி வாங்கும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம்.